நீ அனுப்பிய பனிக்கோயில் படம்

ரேணிகுண்டா,
ஞாயிறு

அன்பு மகள் கன்னிகாவுக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே நலமா என்று கேட்க மாட்டேன், கேட்டால் பொய்தான் சொல்லுவாய். போனில் என்றால் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

உன்னோடு ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிற சூளூர்பேட்டை யஸ்வந்த் லீவுக்கு வந்தவன், வியாழக்கிழமை நீ கொடுத்தனுப்பிய படத்தைக் கொண்டுவந்தான். பிரித்து சோபாவில் சாய்த்து வைத்தோம். எங்கே பார்த்தாலும் பனி, நடுவில் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கோபுரத்தோடு அவ்வளவு பெரிய மாதா கோயில். எதிர்வீட்டுப் புருஷோத்தமனை ஓடிப்போய் இழுத்து வந்தேன். போன தடவை நீ அனுப்பியதைப் பார்த்து, "இன்னா துலுக்காணம், உம் பொண்ணு போனுல பாத்து காப்பி அட்ச்சிக்கினு கீது" என்று இளித்தானே, அவன்தான். அவன் வாயை மூடத்தான், நேரில் உட்கார்ந்து பார்த்து வரை என்று உன்னிடம் சொன்னேன். வெல்டிங் பட்டறையில் நெருப்போடு காலம் தள்ளுகிறவனுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? மஃப்ளர் சுற்றினால் போதும் என்று நினைத்த மகா புத்திசாலி நான்.

புருஷோத்தமன் எதிரில் பெரிய ஓவியன் மாதிரி விரலை நீட்டி, கோபுரம் சரி, கீழே மரமெல்லாம் ஏன் நெளிகிறது, கடைசியில் அவசரப்பட்டுவிட்டாளா என்று குறை வேறு சொன்னேன். யஸ்வந்த் தலையைக் குனிந்துகொண்டு, "அவசரம் இல்ல அங்கிள், அது எடது கையால போட்டது. பிரஷ் புடிக்க கிளவுஸ கழட்டிட்டு மூணு மணி நேரம் பனில ஒக்காந்துக்கினு இருந்தா. வலது கையில ரெண்டு விரலு கறுத்துப்போய் அஞ்சு நாள் ஆஸ்பத்திரில இருந்தாளே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான். இப்போது எப்படி என்றதற்கு, "அத அவளையே கேளுங்க அங்கிள்" என்று நழுவிவிட்டான்.

எனக்குத் தெரியாது கன்னிகா. இரண்டு மாதமாக வீடியோவில் வலது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறாய், நானும் லூசு மாதிரி கிரிக்கெட் கதை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். நாளைக்கு ஊசி போட வேண்டிய கை அது. ஒரு வெட்டிப்பேச்சுக்காக நான் கேட்டால், போ நைனா, உனக்கு வேறு வேலையில்லையா என்று திட்டியிருக்கக் கூடாதா? விரல் கறுத்த பிறகும் இடது கையால் முடித்து அனுப்பச் சொல்லி யார் அழுதார்கள்? உன்னை நாலு அறை விடலாம் என்றால் எட்டாத தூரத்தில் இருக்கிறாய். எனக்கே கொடுத்துக்கொள்ளலாம் என்றால் உன் அம்மா முந்திக்கொள்வாள் போலிருக்கிறது, மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. புருஷோத்தமன் வேறு தினமும் வந்து பொண்ணு விரல் எப்படி என்று அன்பாகக் கேட்கிறான், அதுதான் இன்னும் எரிகிறது.

படத்தைச் சுவரில் மாட்டவில்லை, மாட்டவும் மாட்டேன். கையுறை இல்லாமல் வாசல் தாண்டாதே, மருந்தை விடாதே. ஏழுமலையான் உன் கையைக் காப்பாற்றட்டும். இதற்குப் பதிலை டைப் செய்யாமல் வலது கையால் எழுதி அனுப்பு. முடியாவிட்டால், முடியவில்லை என்று இடது கையால் எழுது.

உன் மேல் கோபமாக இருக்கும்
நைனா துலுக்காணம்