பின்சீட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

மார்ச் 3, செவ்வாய்

இன்று அதைப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால். மெரூன் நிறம். காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தவர் மாதிரி தாழ்வாக, அவசரமே இல்லாமல் நின்றது. ஐநூறு சிசி க்ரூஸர் பைக்.

ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில்! என் உயரத்துக்குப் பெரிய வண்டி எதிலும் இதுவரை பெருவிரல்தான் தொட்டிருக்கிறது.

வீட்டுக்குள் மூச்சிரைக்க நுழைந்தேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல என் எக்ஸ்ரே ரூம் குரலில் ஆரம்பித்தார்: "மூச்ச இழு... பிடி... அசையாத... இப்ப விடு. விட்டாச்சா? சொல்லு." ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் நான் சொல்வதை வைத்தே இருபது வருஷமாகக் கேலி.

சொன்னேன்.

"யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

"பின்னாடி யாரு?"

"நீங்கதான்."

செய்தித்தாள் மேலே ஏறி அவர் முகத்தை மறைத்துக்கொண்டது.

மார்ச் 4, புதன்

வேலைக்குக் கிளம்பும் முன் அவசரமாக. நேற்று அவர் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். அடுத்தவர் ஓட்டும் காரில் ஏறினாலே இருப்புக்கொள்ளாது. வலது முட்டியில் ஆபரேஷன் ஆனபின் டெப்போவில் நாற்காலி வேலை. பஸ்ஸும் இல்லை, எங்கள் பழைய பைக்கும் போயிற்று. அந்த பைக்கில் கலங்கரை விளக்கம் வரை போவதாகப் பேசிப் பேசியே காலம் ஓடிவிட்டது. இப்போது ஜன்னல் வழியாகப் போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அவரை மறுபடி ரோட்டுக்குக் கூட்டிப் போகணும். தனியாகச் சுற்ற எனக்கு இவ்வளவு பெரிய வண்டி வேண்டாம். சரி, பொய் எதற்கு? இவ்வளவு காலம் பின்னால் உட்கார்ந்து அவர் ஹெல்மெட்டையே பார்த்து வந்தவள் நான். ஒரு தடவையாவது முன்னால் இருந்து ரோட்டைப் பார்க்கணும்.

மார்ச் 7, சனி

ஓட்டிவிட்டேன்! ஓட்டிவிட்டேன்!

ஷோரூம் டெமோ வண்டியில் ஒரு சுற்று. கை இன்னும் குறுகுறுக்கிறது. மறப்பதற்குள் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

முதுகு நேராக நிற்கிறது. தோள் தளர்ந்திருக்கிறது. மணிக்கட்டில் பாரமே இல்லை. ஹேண்டில் அகலம், கை தானாக அங்கே போகிறது. யாரைப் பார்த்தாலும் என் கண் எலும்பைத்தான் பார்க்கும். இந்த வண்டியை வரைந்தவருக்கும் அந்த வியாதி இருக்க வேண்டும். எஞ்சின் அடித்தொண்டையில் பேசுகிறது. அறுபதில் போனால் ஊர்க்கதை பேசுவது போல நிதானம். எண்பதில் கொஞ்சம் குரல் உயர்த்துகிறது. நூறைத் தாண்டினால் கண்ணாடி நடுங்குகிறது. எனக்கு நூறு எதற்கு?

குறைகள். டிராஃபிக்கில் வலது கணுக்கால் பக்கம் சூடு. திருப்புவதற்கு ரோடு முழுக்க வேண்டும். கனமோ கனம், இருநூறு கிலோவுக்குக் குறையாது. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது இரண்டு தடவை ஆஃப் ஆகிவிட்டது. அது வண்டியின் குறையா, என்னுடையதா? என்னுடையதுதான்.

உயரம், ஹேண்டில், பிரேக், கிளட்ச் என்று பதினாலு விஷயத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருக்கிறேன். பின்சீட்: அகலம். போதும்.

மார்ச் 8, ஞாயிறு

சம்மதித்துவிட்டார்! "ஒரு தடவை. ஒரே ஒரு தடவைதான்." அது போதும் எனக்கு.

மார்ச் 15, ஞாயிறு

ஷோரூம்காரர் மூன்று மணி நேரத்துக்கு டெமோ வண்டியைக் கொடுத்தார். ஆனால் பேசியதெல்லாம் இவரிடம். "சார், கிளட்ச் ரொம்ப லைட்டா இருக்கும் சார்."

"அத அவங்ககிட்ட சொல்லுங்க. நான் வெறும் லக்கேஜ்," என்றார் இவர். சிரித்துக்கொண்டேதான் ஏறினார்.

முதல் பத்து கிலோமீட்டர் சொர்க்கம். பாட்டுக்கூடப் பாடினேன். பிறகு அவர் பேச்சு நின்றுபோனது. ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் ஃபுட்ரெஸ்டை மிதிப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இல்லாத பஸ் பிரேக்கை மிதிக்கிறார்! நான் நாற்பதில்தானே போனேன்? என்மேல் அவ்வளவுதானா நம்பிக்கை?

முப்பதாவது கிலோமீட்டரில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்து நின்றார். பிறகு, "எனக்குப் பின்னாடி உக்கார்றது பிடிக்கல. நீ வாங்கிக்க, தனியா போயிட்டு வா," என்றார்.

மார்ச் 16, திங்கள்

போங்க. உங்க பஸ்ஸையே கட்டிக்கிட்டு அழுங்க. நானும் பேசப் போறதில்ல.

மார்ச் 18, புதன்

நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இன்று ஓர் அம்மாவுக்கு முட்டி எக்ஸ்ரே. மேஜையில் பக்கவாட்டில் படுக்கவைத்து, "கொஞ்சமா மடக்குங்க, ரொம்ப வேணாம்," என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. இதே மேஜையில், இதே வார்த்தையை அவரிடமும் சொன்னேனே! அவருடைய முட்டிப் படத்தை எடுத்தவளே நான். தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்காது என்று டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவளும் நான்.

அந்த வண்டியில் முன்னால் இருப்பவருக்குத்தான் கால் நீட்டும் சுகம். பின்னால் ஃபுட்ரெஸ்ட் எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. பதினாலு மதிப்பெண்ணும் என் உடம்புக்கு. அவருக்கு 'அகலம், போதும்'. பின்சீட்டிலேயே பாதி வாழ்க்கை உட்கார்ந்தவள் செய்கிற காரியமா இது?

அவர் பிரேக் மிதிக்கவில்லை. வலி தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்.

மார்ச் 19, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் பிசியோகாரரிடம் முட்டி மடங்கும் அளவு பார்க்கிற கருவியைக் கடன் வாங்கிக்கொண்டு ஷோரூமுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் உயரமே இருந்த ஷோரூம்காரரைப் பின்சீட்டில் ஏற்றி, "அசையாதீங்க," என்று அளந்தேன். நூற்றுப் பன்னிரண்டு டிகிரி! மனுஷர் பயந்தே போய்விட்டார். ஃபுட்ரெஸ்டை நாலு விரல் கீழே, கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கும் பிராக்கெட் இருக்கிறதாம். முதுகுக்குச் சாய்மானமும் உண்டாம். டெமோ வண்டியிலேயே மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாலை அவரிடம் கேட்டேன். "வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

"பாட்டெல்லாம் பாடிட்டு இருந்தே. சொன்னா வண்டியே வேணாம்னுடுவே. அதான்."

அழுதேன். பிறகு திட்டினேன். பிறகு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 22, ஞாயிறு

மாட்டிவிட்டார்கள். அவரை உட்காரவைத்து அளந்தேன். எண்பத்தாறு. ஐம்பது கிலோமீட்டர் போனோம். வழி முழுக்க ஒரே அறிவுரை: லாரி வருது, குழி வருது, இண்டிகேட்டரை அணை. காதுக்கு எவ்வளவு இனிமை! திரும்பியதும் புக் பண்ணிவிட்டோம்.

ஏப்ரல் 11, சனி

வந்துவிட்டது. மெரூன். அவரே துணியெடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தொடக்கூட அனுமதி இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

கலங்கரை விளக்கத்தின் அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நூற்றெழுபது கிலோமீட்டர். இடையில் மூன்று தடவை இறங்கிக் கால் நீட்டி நடந்தார், அவ்வளவுதான்.

கடைசி மேட்டில் முன்னால் போன வேன் நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன். கிளப்பினேன், ஆஃப். பின்னால் வரிசையாக ஹாரன். மறுபடியும் ஆஃப். இருநூறு கிலோ வண்டி, அதன்மேல் என் புருஷன். பின்னால் சரிந்தால் அந்த முட்டி என்னாவது?

இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. என் தோளில் கை வைத்தார்.

"மூச்ச இழு," என்றார். "பிடி... அசையாத... இப்ப விடு."

வண்டி ஏறிவிட்டது.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார். பின்சீட்டுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"ஒம்போது."

"மீதி ஒண்ணு?"

"நடு மேட்டுல நிறுத்திப் போட்டியே, அதுக்கு."

மார்ச் ஏழாம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, 'அகலம், போதும்' என்பதை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். அவர் ஏற்கெனவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். திரும்பும்போது சுற்றுவழியாகப் போகலாமாம்.