மூன்று பீரும் ஒரு சோடாவும்

என் வீட்டுக்காரிக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம். இதைக் கீழ்க்கடைத் தையல்காரர் எழுதித் தருகிறார்.

நம் மூத்தவள் பிறந்து, உன் தம்பி கிணற்றில் விழுந்து பிழைத்த வருஷம் ஆரம்பித்த எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஊருக்கு வர முடியாத சின்ன லீவுகளில், என்னோடு வேலை பார்த்த வெல்டர், சமையல்காரர், டிரைவர், நான் நால்வரும், எந்த ஊரில் சொந்தமாக பீர் காய்ச்சுகிறார்களோ அங்கே போவோம். "நாக்கு காட்டுற திசையிலதான்யா பஸ் ஏறணும்" என்பார் சமையல்காரர். டிரைவருக்கு மட்டும் சோடா.

இந்த லீவுக்கு, முன்பு நால்வரும் போன ஓர் ஊருக்கே தனியாகப் போனேன். "மத்தவங்க எங்க பெரியவரே?" என்றார் பீர் காய்ச்சுகிறவர். வெல்டரும் சமையல்காரரும் செத்துப்போனதைச் சொல்ல வாய் வரவில்லை. "பின்னாடி வர்றாங்க" என்றேன். மனுஷர் மூன்று பீரும் ஒரு சோடாவும் கொண்டுவந்து வைத்துவிட்டார். நுரை அடங்கும்வரை நானும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவலைப்படாதே, ஒரு கிளாஸ்தான் குடித்தேன்.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, தலையணைக்குச் சுற்றிக்கொள்கிறேன். இனி எனக்கு லீவே வேண்டாமென்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். தையல்காரருக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது. கூட வந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத, ஆஸ்பத்திரியில் என்னையே "நீங்க யாரு?" என்று கேட்கிற அந்த டிரைவர் மட்டும்தான்.