மதகடிக் கிடங்கு

வேலணை

அன்பு மகள் நிலக்சனாவுக்கு அம்மா எழுதுறது. மாதாவின்ரை காவலிலை நானும் அப்பாவும் இருக்கிறம், நீயும் மருமகனும் பிள்ளையளும் அப்பிடியே குறையில்லாமல் இருக்கவேணும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் செபம். சவிரிமுத்து அண்ணை பாரிசுக்குத் திரும்பிறார், கருவாட்டோடை இதையும் குடுத்து விடுறன். போனிலை சொல்லுற கதையில்லை பிள்ளை, ஆர் ஒட்டுக் கேக்கிறாங்களோ ஆருக்குத் தெரியும்.

தம்பி டிலோனுக்குக் கை முறிஞ்சு போச்சு. பதறாதை, பத்துப் போட்டுக் கட்டியிருக்கு, சோறு நல்லாத் தின்னுறான். எங்கடை மதகடி வளைவிலை றோட்டு அரிச்சு சில்லுத் தாழுற பள்ளமாய்க் கிடங்கு விழுந்திட்டுது எண்டு சொன்னனான் எல்லே. அவன் விடியப்புறம் மீன்பெட்டியோடை மோட்டச்சைக்கிளிலை போற பாதை எண்டபடியால் அப்பா அதுக்குள்ளை பனைமட்டை நட்டு சிவப்புத் துணி கட்டி வைச்சிருந்தவர். போன மாசம் புதிசா வந்த பொலிசுக்காரன் ஒருதன், மட்டையை ஆர் நட்டது, ஆரார் விழுந்தது எண்டு சிரிச்சுச் சிரிச்சு விசாரிச்சுப் படமும் எடுத்தான். றோட்டு ஆபத்தெண்டு றோட்டுத் திருத்துற அரசாங்கக் கந்தோருக்கு அறிவிக்கப் போறானாம். எனக்கு வந்துதே விசர்! பொலிஸ் எப்ப எங்களுக்கு நல்லது செய்ய வெளிக்கிட்டது? றோட்டை மறிச்சதெண்டு அப்பாவைப் பிடிக்கத்தான் உந்தச் சிரிப்பெண்டு பக்கத்து வீட்டு யூலியானாவும் சொன்னாள். திங்கக்கிழமை கந்தோர்க்காரரோடை வாறான் எண்டு அறிஞ்சவுடனை, ஞாயிறு பூசை முடிய எல்லாருமாய்ச் சேர்ந்து மட்டையைப் பிடுங்கி எறிஞ்சு கடல்மண்ணாலை கிடங்கை நிரவி விட்டம். வந்தவை பார்த்தினம், நல்ல றோட்டுத்தானே எண்டு அவனைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டுப் போட்டினம். இதிலைதானே அம்மா கிடங்கு இருந்தது எண்டு அவன் என்னைக் கேட்டான். எனக்கொண்டும் தெரியாது தம்பி எண்டனான். அவன்ரை முகம் செத்துப் போச்சு.

பிறகு ஒரு மழைதான். மண் முழுக்கக் கடலுக்குப் போட்டுது, கிடங்கு மட்டமாய்த் தண்ணி நிரம்பி றோட்டு மாதிரிக் கிடந்தது, மட்டையும் இல்லை. டிலோன் நேரை போய் விழுந்தான், நெத்தியும் வெடிச்சுப் போச்சு. தூக்கி ஜீப்பிலை ஏத்திக்கொண்டு ஓடினது அதே பொலிசுக்காரன்தான். பிள்ளையின்ரை ரத்தத்திலை அவன் போட்டிருந்த சேட் ஊறிப் போச்சு. அந்த நேரத்திலை அவனுக்கு அங்கை என்ன வேலை எண்டு எனக்கு இன்னும் விளங்கயில்லை. ஆஸ்பத்திரியிலை தேத்தண்ணி வாங்கித் தந்தான், அப்பாவைக் குடிக்க விட்டுப் பார்த்துத்தான் நான் குடிச்சனான்.

இப்ப திரும்பவும் அறிவிச்சிருக்கிறானாம், நாளைக்குக் கந்தோர்க்காரர் வருகினமாம். பின்னேரம் பார்த்தால் யூலியானா வீட்டு வாசலிலை ரண்டு ஓலைக் கடகம் நிறைய மண். கோழிக்கூட்டுக்காம். திரும்பவும் கிடங்கை நிரவத்தான், என்னையோ பேய்க்காட்டுறது! அதுதான் விடிய எழும்பிக் குசினிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிடங்குக்குப் பக்கத்திலை போட்டுக் குந்தியிருக்கப் போறன். ஒரு பிடி மண் விழ விடமாட்டன். அவன் கேட்டால் இதுதான் தம்பி எண்டு கையாலை காட்டுவன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி. பிள்ளையளைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போ. மாதா உங்கள் எல்லாரையும் தன்ரை முந்தானைக்குள்ளை வைச்சிருக்கட்டும். வாற வருசம் வரேக்கை நல்ல சேட் ஒண்டு கொண்டு வா, டிலோன்ரை அளவு. டிலோனுக்கில்லை. ஆருக்கெண்டு போனிலை கேளாதை.

உன்ரை நினைவாவே இருக்கிற
அம்மா எமிலி