கடற்சுவர் ஓரம் ஊரே ஆடியது

சுவா, ஃபிஜி

என்னவருக்கு,

சனிக்கிழமை சுவாவில் மழை விட்டதும், கடற்சுவர் ஓரம் நடன விழா நடந்தது. ஆடத் தெரிந்தவர்கள் மட்டுமல்ல, ஊரே ஆட வேண்டும் என்பது அதை நடத்தும் செரேயானாவின் கனவு. "வீட்ல, வேலைல தினம் செய்ற ஒரு அசைவைக் கொண்டுவாங்க. அதுதான் நம்ம ஆட்டம்" என்றாள்.

பஸ் ஓட்டும் விலிகேசா ஸ்டியரிங் திருப்பிக் காட்டி, "எல்லாரும் கம்பிய நல்லா பிடிச்சுக்குங்க!" என்றான். சிரித்துக்கொண்டே அத்தனை பேரும் வளைந்தோம்.

என் முறை வந்ததும் கைகள் தாமாக எழுந்து, காற்றில் தலை வாரின.

"யாருக்குக்கா வாருறீங்க?" என்றாள் செரேயானா.

அடக்கம் செய்த நாளிலிருந்து நான் உச்சரிக்காத பெயரைச் சொன்னேன்.

அந்தி வெளிச்சத்தில், கடலைப் பார்த்தபடி, ஊரே நம் மகளுக்கு மெதுவாகத் தலை வாரிவிட்டது.

நியூசிலாந்துத் தோட்ட வேலையை இனியும் நீட்டிக்காதீர்கள். அவள் அறையைத் திறந்துவிட்டேன். வாருங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா