கிழக்குச் சரிவில் நீல வட்டங்கள்

1986 ஜனவரி 9, வியாழன்

காலையில் மைனஸ் பதினெட்டு. ஊரில் கேட்டால் இருபத்தைந்து என்றுதான் சொல்வேன். பதினெட்டுக்கெல்லாம் வெர்மான்ட்டில் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள்.

ரொவீனா வந்திருந்தாள். அண்ணன் மெர்ல் போன பிறகு, மேப்பிள் சாறு இறக்கிப் பாகு காய்ச்சும் சர்க்கரைத் தோப்பை அவர் மகளான இவளும் இவள் புருஷன் கிளேட்டனும்தான் பார்க்கிறார்கள். கிழக்குச் சரிவில் இளமரங்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன. சர்க்கரை மேப்பிளும் சிவப்பு மேப்பிளும் கலந்து. சிவப்பு, விட்ட இடத்தில் வளரும். சேறானாலும் சரி, பாறையானாலும் சரி. பக்கத்து மரத்தின் வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டு சரசரவென்று மேலே போய்விடும். சர்க்கரை மேப்பிள் பொறுமைசாலி. நிழலில் இருபது வருடம் கை தடிமனிலேயே நிற்கும். தலைக்கு மேல் வானம் திறந்தால்தான் பருக்கும். அதனால் சிவப்பை வெட்டிச் சர்க்கரைக்கு இடம் விட வேண்டும். எதை வெட்டுவது என்று குறி போட ஆள் வேண்டும்.

கோடை வரை பொறுக்கலாம், இலை வந்தால் சந்தேகமே இல்லை, காட்டிலாகாக்காரரைக் கூப்பிடுகிறேன் என்றாள். நான் சிரித்தேன். ஆற்றங்கரையில் நிற்கும் வெள்ளி மேப்பிள், காம்பை ஒடித்தால் பால் வடியும் நார்வே மேப்பிள், காட்டு மான் கடிக்கிற வரிப்பட்டை மேப்பிள் - கண்ணைக் கட்டிவிட்டால்கூடத் தடவிப் பார்த்துப் பெயர் சொல்வேன் என்றேன். ஒரு தடவை கட்டிவிட்டே சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னேன். அது நடந்ததில்லை.

"மொட்டைப் பார்த்துக் குறி போடுங்க சித்தப்பா. சின்ன மரத்துல பட்டையை நம்பாதீங்க, ரெண்டும் ஒரே சாம்பல்தான்" என்றாள்.

எனக்குச் சொல்கிறாள்!

தெருவோர மரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஊர் மரக்காவலர் கட்லர் இந்த மார்ச்சோடு விலகுகிறாராம். எனக்கு அந்தப் பதவி மேல் ஆசை கிடையாது. இருபது வருடமாகக் கிடையாது.

ஜனவரி 14, செவ்வாய்

நீலப் பெயின்ட், கொக்கிக்கோல், தெர்மாஸ். முழங்கால் பனி. இடுப்பு வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கிளையாகக் கொக்கியால் இழுத்துப் பார்த்தேன். சிவப்பின் மொட்டு சிவந்து, உருண்டு, மழுங்கியிருக்கும். சர்க்கரையின் மொட்டு பழுப்பு. செருப்பு தைக்கிற ஊசி மாதிரிக் கூர். சிவப்புக்கு மட்டும் நீல வட்டம். நூறு மரம் முடித்தேன்.

சரி, நாற்பத்தி மூன்று.

ஜனவரி 15, புதன்

நூற்றி இருபது மரம். இது நிஜமான கணக்கு. பட்டையே போதும், எனக்கு மொட்டெல்லாம் வேண்டியதில்லை.

ஜனவரி 16, வியாழன்

ரொவீனா வீட்டில் சாப்பாடு. ஒரே நாளில் நூற்றி இருபதா என்று கிளேட்டன் வாயைப் பிளந்தான். "மாமா, உங்களுக்கு அறுபத்தெட்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றான். ரொவீனா இரண்டாவது துண்டு ஆப்பிள் பை கேட்காமலே வைத்தாள். சாப்பிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

வெட்டு தொடங்கியது. நேற்றும் இன்றும் நான் முதல் நாள் போட்ட குறியில். வேலை சுத்தம்.

பிப்ரவரி 1, சனி

என்ன எழுதுவது.

வேடிக்கை பார்க்கப் போனேன். கிளேட்டன் மேல் பக்கம் வந்துவிட்டான், புதன்கிழமை நான் குறி போட்ட பக்கம். விழுந்த மரங்களின் நுனி எல்லாம் பனிமேல் கிடந்தது. சும்மா ஒன்றைக் கையில் எடுத்தேன். பழுப்பு. கூர். வேறு மரத்து நுனி இதன்மேல் விழுந்திருக்கும் என்று அடுத்ததை எடுத்தேன். பழுப்பு. பத்து மரம் பார்த்தேன். ஏழில் கூர்.

குளிரில் சிவப்பு மொட்டு கறுத்துப் பழுப்பாகியிருக்குமோ? கறுக்கட்டும், கூராக எப்படி ஆகும்? கையில் குத்தியது.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த நுனிகள் மேல் காலால் பனியைத் தள்ளினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

புதன்கிழமை உண்மையில் என்ன நடந்தது என்றால் - கொக்கிக்கோலை வண்டியிலேயே விட்டுவிட்டேன். முந்தின நாள் தோள் கழன்றுபோயிருந்தது. காலையில் பாதி நேரம் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் ரேடியோ கேட்டேன். பிறகு இறங்கி, எது கண்ணுக்குச் சிவப்பு போலப் பட்டதோ அதில் வட்டம், வட்டம், வட்டம். வழவழப்பான சாம்பல் பட்டை. எல்லாமே வழவழப்பான சாம்பல் பட்டைதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

முதுகு வலி என்று சொல்லிச் சர்ச்சுக்குப் போகவில்லை. ரொவீனா பீன்ஸும் ரொட்டியும் கொண்டுவந்தாள். தலையணையைச் சரி செய்தாள். "எங்களுக்காகப் பட்ட வலி சித்தப்பா இது" என்றாள்.

நான் முனகினேன். வலி இல்லாத முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

நாள் முழுக்க ரம்பச் சத்தம். ஒவ்வொரு தடவை சத்தம் நிற்கும்போதும் ஒன்று விழுகிறது. சொல்லவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

கிளேட்டன் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கம்பித் தூரிகையோடு சரிவுக்குப் போனேன். நிற்கிற மரங்களில் சர்க்கரையைக் கண்டுபிடித்துக் குறியைச் சுரண்டி எடுத்துவிட்டால், சொல்லாமலே முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை. அண்ணாந்து பார்த்தேன். நுனி தெரிகிறது, மொட்டு தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாம் ஒரே மங்கல். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் -

"என்ன மாமா, போட்ட குறியை நீங்களே அழிக்கிறீங்க?"

கிளேட்டன் பின்னால் நிற்கிறான். வாயைத் திறந்தேன், பொய் தானாக வந்து விழுந்தது. காற்றுத் தடுப்புக்குக் கொஞ்சம் சிவப்பை விட்டுவைக்கலாம் என்று யோசிக்கிறேன், மெர்ல் அப்படித்தான் செய்வார் என்றேன். செத்துப்போன அண்ணனைச் சாட்சிக்கு இழுத்தேன்.

"அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான். அதிலும் நீல வட்டம் இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

இன்றைக்கும் சத்தம். எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பேனாவை எடுத்தாலே கை கூசுகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை ஏழு மணி. ரொவீனா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள், கிளேட்டன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். மூடுபனி, வெளிச்சக் கோளாறு, பெயின்ட் டப்பா என்று என்னென்னவோ அதில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். சட்டைப் பையிலிருந்த கூர் மொட்டுக் குச்சியை மேஜைமேல் வைத்தேன்.

எடுத்துப் பார்த்தாள். விரல் நுனியில் மொட்டைக் குத்திப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"எங்கிருந்து எடுத்தீங்க?"

"வெட்டினதுலருந்து."

"எத்தனை?"

ஏதோ சில, என்றேன்.

"எத்தனை சித்தப்பா?"

தெரியாது என்றேன். ரெண்டாவது நாள் மொட்டே பாக்கலம்மா, கோலே எடுக்கல, கண்ணும் தெரியல, சனிக்கிழமையே எனக்குத் தெரியும், வாயத் தொறக்கல - எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. கிளேட்டன் ஒரு பூட்ஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"சனிக்கிழமை" என்றாள் ரொவீனா. "நாலு நாள் வெட்டியிருக்கோம்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"அந்தச் சரிவுல அப்பா முப்பத்திரண்டு வருஷம் மாடு விடல. மாடு பூந்தா குருத்து மிஞ்சாதுன்னு வேலி போட்டாரு. மேய்ச்சல் பத்தாம வெளியில வைக்கோல் வாங்கிப் போட்டாரு. அந்த வேலிக்குக் குழி தோண்டினதே நீங்கதானே. இன்னும் எட்டுப் பத்து வருஷம் போனா சாறு பிடிக்க வாளி மாட்டலாம்னு இருந்தேன்."

குழி தோண்டியது நான்தான். அந்தக் கதையை ஊரில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு இருவரும் சரிவுக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் அப்பத்தட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 8, சனி

கிளேட்டன் வந்து வாசலில் நின்றபடியே சொன்னான். இதுவரை விழுந்தது நூற்றிப் பதினேழு. அதில் முதல் நாள் குறி நாற்பத்தி மூன்றும் சரி. மீதி எழுபத்தி நாலில் ஐம்பத்தெட்டு சர்க்கரை. நிற்கிற நாற்பத்தாறை இனித் தொடப் போவதில்லை, வசந்தம் வரட்டும் என்று ரொவீனா சொல்லிவிட்டாளாம்.

"கோவமா இருக்காளா?" என்று கேட்டேன்.

"பேசவே இல்ல மாமா" என்றான்.

ஐம்பத்தெட்டு. இதைப் பெரிதாக்கவும் மனம் வரவில்லை, சின்னதாக்கவும் வழியில்லை.

பிப்ரவரி 19, புதன்

கடையில் பார்த்த ஊர்க்காரன் ஹார்லன், கிழக்குச் சரிவைப் பற்றிக் கேட்டான். கேட்ட விதத்திலேயே தெரிந்தது, ரொவீனா யாரிடமும் மூச்சு விடவில்லை. நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் என் மானத்தைக் காப்பாற்றுகிறாள், நான் அதில் குளிர் காய்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஊர்க்கூட்ட நாள். சாலை, பள்ளிக்கூடம், தீயணைப்பு வண்டி என்று காலை முழுக்க வாக்கெடுப்பு. மதியம் சர்ச் பெண்கள் கோழிக்கறி அடைத்துச் சுட்ட பை. ரொவீனா மூன்று வரிசை முன்னால் இருந்தாள். திரும்பவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மரக்காவலர் பதவி வந்தது. ஹார்லன் எழுந்தான். இந்த ஊரில் பட்டையைத் தடவியே மரத்தின் பெயர் சொல்கிற ஆள் ஒருத்தர்தான், கேட்காவிட்டாலும் சொல்லுவார், சம்பளம் இல்லாத வேலைக்கு அவரைவிட்டால் வேறு யார் என்றான். கூடம் சிரித்தது. நல்ல சிரிப்புதான். வேறு பெயர் இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

இருபது வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அடுத்த நிமிடம் பதவி என்னுடையது. ரொவீனாவின் பின்கழுத்தைப் பார்த்தேன். சிவந்திருந்தது. அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை.

எழுந்து நின்றேன்.

"எனக்கு வேணாம். என் அண்ணன் வளத்த சரிவுல, சிவப்புன்னு சொல்லி ஐம்பத்தெட்டு சர்க்கரை மேப்பிளை வெட்ட வெச்சிருக்கேன். மொட்டைப் பாருங்கன்னு ரொவீனா சொன்னா. நான் பாக்கல. வண்டியில உக்காந்து ரேடியோ கேட்டேன். எனக்குக் கண்ணும் சரியில்ல. தெரிஞ்சப்புறமும் அஞ்சு நாள் வாயத் தொறக்கல."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். இந்த ஊரில் சர்க்கரை மேப்பிளை வெட்டுவது எப்படிப்பட்ட காரியம் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹார்லன் மெதுவாக உட்கார்ந்தான். எதிர் வரிசைக் கிழவர் ஒருவர், "ஐம்பத்தெட்டா" என்று முணுமுணுத்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வேறு பெயர் இருக்கிறதா என்று மறுபடி கேட்டார்.

கட்லரே இன்னும் ஒரு வருடம் பார்க்கிறேன் என்றார். கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

வெளியே வண்டிக்குப் போகும் வழியில் ரொவீனா என்னைத் தாண்டிப் போனாள். நின்றாள். "படியில ஐஸ் இருக்கு, பாத்து எறங்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 17, திங்கள்

சாறு ஓடுகிறது. பாகு காய்ச்சும் கொதிகூடத்து ஆவி என் ஜன்னலில் இருந்து தெரிகிறது. போகவில்லை. கூப்பிடவும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

பர்லிங்டனில் கண் டாக்டர். இரண்டு கண்ணிலும் புரை. மூன்று வருடமாக வளர்ந்திருக்கும், உங்களுக்குத் தெரியவே இல்லையா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சரிவு பூத்துவிட்டது.

இலை வருவதற்கு முன்னாலேயே சிவப்பு மேப்பிள் பூத்துவிடும். சர்க்கரை அப்போதும் மொட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். சாலையில் போகிற எவன் பார்த்தாலும் தெரியும், சரிவில் எங்கே பார்த்தாலும் சிவப்புப் புகை. நடுவில் என் வெட்டுப் பள்ளம். இத்தனை சிவப்பையும் நிற்க விட்டுவிட்டேன். அஞ்சல்காரர் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார். நான் திரையை இழுத்து விட்டேன்.

பத்து மணிக்குக் கதவு தட்டியது. ரொவீனா. கையில் வெள்ளை நாடாச் சுருள்.

"பூத்த மரத்துக்கெல்லாம் இதைக் கட்டிடலாம். பூ உதிர்றதுக்குள்ள முடிக்கணும். கிளேட்டன் பால் வண்டி ஓட்டப் போயிருக்காரு. வர்றீங்களா?"

பூட்ஸைத் தேடினேன்.

அவள் பைனாகுலரில் பார்த்துச் சொன்னாள், நான் கட்டினேன். வெட்டின குற்றிகளைத் தாண்டும்போது நான் தரையைப் பார்த்து நடந்தேன். சாப்பாட்டு நேரம் வரை முப்பத்தொரு மரம்.

பாறைக்கு மேலே ஒன்று, மற்ற மரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. உச்சி சரியாகத் தெரியவில்லை. பைனாகுலரை இறக்கிவிட்டு, "இது என்ன சித்தப்பா?" என்று கேட்டாள்.

பட்டைமேல் கை வைத்தேன். வழவழப்பு. சாம்பல்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அவள் கொக்கிக்கோலை எடுத்துக் கிளையை இழுத்தாள். நான் அது மேலே போய்விடாமல் பிடித்துக்கொண்டேன்.