ஜேர்மன்காரர் ஓடிக்கொண்டிருக்கிறார்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களின் திருமுன்,

தாங்கள் மறைந்து பதினொரு மாரி கடந்தபின் இம்மடலை எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். ஊரார் அனைவருக்கும் விண்ணப்பம் எழுதிய கை, தங்களுக்கு ஒரு வரி எழுத இத்தனை காலம் கூசியது. அக்கூச்சத்தின் காரணத்தையும் இம்மடலிலேயே அறியத் தருவேன்.

இன்று காலை டீசல் புகையின் மணம் சன்னல் வழியே உள்ளே வந்தது. எழுந்து பார்த்தேன். தங்கள் கார் வாசலில் நின்று, பழைய குரலிலேயே கடகடத்துக்கொண்டிருந்தது. என் தங்கையின் மகள் முழங்கைவரை கரியோடு அதன்முன் நின்றாள்.

"பெரியம்மா, ஜேர்மன்காரர் எழும்பிற்றார்!"

அந்தப் பெயர், ஊருக்கே அண்ணனாக இருந்து அந்தக் காரை ஓட்டிய தாங்கள் இட்டது. ஜேர்மனியில் செய்த அந்த நீண்ட டீசல் காரை எவரும் 'அது' என்று சொல்லத் தாங்கள் விட்டதில்லை. கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடும் ஓசை எழும். போர் உதிரிப்பாகங்களை வரவிடாமல் தடுத்து, மற்ற வாகனங்களெல்லாம் சரளை பரப்பிய கிறவல் வீதியின் பள்ளங்களில் உதிர்ந்துபோன காலத்திலும், மண்ணெண்ணெய் கலந்த டீசலைக் குடித்துக்கொண்டு அவர் ஓடினார். படுவான்கரையில் எங்கள் ஊரிலிருந்து ஒரு நோயாளியை வாவி கடந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல, அவரை விட்டால் மாட்டுவண்டிதான்.

அவருக்கு இருந்த ஒரே குறை பெற்றரி. வாவிக்கு இந்தப் பக்கம் புதியது கொண்டுவரத் தடை. பழைய பெற்றரிக்கு இயந்திரத்தைச் சூடாக்கும் வலு இருந்தது. சுழற்றும் வலு இருக்கவில்லை. தட்டையான எங்கள் ஊரில் சரிவு என்று இருந்தது குளக்கட்டு ஒன்றே. ஆகவே மாடுகள் பட்டியில் அடையும் நேரத்தில், கார் குளக்கட்டின்மேல் ஏறிச் சில்லுக்குக் கல் வைத்து உறங்கும். கல்லை எடுத்தால் உருண்டு இறங்கி உயிர்பெறும். ஒருமுறை உயிர்பெற்றால் பெற்றரியின் தயவின்றி ஓடிக்கொண்டேயிருக்கும். "வீட்ட திரும்பும்வரைக்கும் நிப்பாட்டப்படாது" என்பது தங்கள் சட்டம்.

டீசல் அனுமதிக்கான விண்ணப்பங்கள் என்னுடையவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றவள் நான். சாமான் சுற்றிவந்த பத்திரிகைத் தாள்களை விளக்கிலே வாசித்து, நானே சமைத்துக்கொண்ட தமிழ் இது. அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் விரைந்து பதில் தருமாறு கேட்டே முடிப்பேன். தாங்கள் சிரிப்பீர்கள். "புள்ள, உன்ட கடைசி வரியப் பாத்துப் பயந்துதான் அவங்க டீசல் தாறாங்க."

என் தங்கைக்கு வலி கண்ட அந்த நாளுக்கு வருகிறேன். தலைப்பிள்ளை. விடியலில் தொடங்கிய வலி மதியமாகியும் முடியவில்லை. "கால் முன்னுக்கு வருது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, சுணங்காதீங்க" என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டார். தாங்களோ மலேரியாக் காய்ச்சலில் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை நிலைக்கவில்லை.

நோயாளிகளுக்குத் துணையாகப் பின்னாசனத்தில் போய்வந்த நாட்களிலெல்லாம் தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எந்த மிதி எப்போது என்பது மனப்பாடம். "நான் ஓட்டுறன்" என்றேன்.

"நீயா? மனு எழுதியா ஓட்டப்போறாய்?" என்று கேட்டுவிட்டுப் போர்வையோடு முன்னாசனத்தில் ஏறினீர்கள். தங்கையைப் பின்னாசனத்தில் கிடத்தியதும், நான் கல்லை எடுக்கச் சொன்னேன்.

அம்பிளாந்துறையில், வாகனங்களை அக்கரை சேர்க்கும் மிதவையான பாதையில் காரை ஏற்றியதும், பாதைக்காரர் முறைத்தார். "பாதையில இஞ்சின நிப்பாட்டணும் எண்டு தெரியாதா?"

போர்வைக்குள்ளிருந்து தங்கள் குரல் வந்தது. "நிப்பாட்டினா நீதான் அக்கரையில தூக்கி வைக்கணும். தோள் இரிக்கா?"

அவர் கோலை ஊன்றினார்.

குருக்கள்மடத் துறையின் சரிவில் ஏறியதும் சோதனைச் சாவடி. இளம் அதிகாரி ஒருவர் கையை உயர்த்தினார். சாவடிக்கென்று எழுதிவைத்திருந்த விண்ணப்பத்தை நான் எடுத்தேன். இயந்திரம் உறுமிக்கொண்டிருக்க ஓர் அதிகாரியிடம் பேசுவது மரியாதையன்று என எனக்குத் தோன்றியது. நிறுத்தும் குமிழை இழுத்தேன். இறங்கி நின்று, "மாண்புமிகு ஐயா அவர்களே" என்று வாசிக்கத் தொடங்கினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த அமைதியில் தங்கையின் முனகல் மட்டுமே கேட்டது. அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

தாங்கள் கண் திறந்தீர்கள். "என்ன நடந்த?"

"அதுவா நிண்டிட்டு அண்ணன்" என்றேன்.

என் கூச்சத்துக்குக் காரணமான பொய் அதுதான். என் பெருமைக்காக ஜேர்மன்காரரின் தலையில் பழியைப் போட்டேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள், "தங்கச்சிய இறக்கி நிழல்ல இருத்துங்க. நீ ஏறு. ரிவேஸ் கியரப் போட்டுக் கிளச்ச மிதி. பின்னுக்கு வாவிப் பக்கம் விடுவம். அங்கதான் இறக்கம் இரிக்கி."

"எடுபடாட்டி?"

"எடுபடாட்டி காருக்குள்ள இருந்து மீன் பிடிப்பம்."

தங்கையின் முகத்தைக் கண்ட அதிகாரி துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். சிப்பாய்களும் பாதைக்காரரும் மீன்கூடையோடு நின்ற பெண்களும் முன்பக்கத்தைத் தள்ளினார்கள். கார் பின்னோக்கி உருண்டது. கண்ணாடியில் வாவி பெருத்துக்கொண்டே வந்தது. பின்சில்லுகள் தண்ணீரைத் தொட்டபோது, "விடு கிளச்ச!" என்று கத்தினீர்கள். விட்டேன். கார் ஒருமுறை குலுங்கியது, கரும்புகை வாவியின்மேல் படர்ந்தது, ஜேர்மன்காரர் கர்ச்சித்தார். கூடைகளைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் கைதட்டினார்கள்.

தங்கை பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. இன்று கரிக்கையோடு வாசலில் நிற்பவள் அவள்தான்.

அதன்பின் ஒரு வாரம், நான் பார்க்கும்படியாகவே தாங்கள் டீசல் வடிகட்டியைக் கழற்றித் துடைத்து ஊதிப் பழுதைத் தேடினீர்கள். கலியாண வீடுகளிலெல்லாம், "ஜேர்மன்காரர் வாழ்நாளில ஒரு நாள்தான் என்ட மானத்த வாங்கினார்" என்று கதை சொன்னீர்கள். நானும் கூடிச் சிரித்தேன். ஒவ்வொரு சிரிப்பும் உள்ளே முள்ளாயிற்று. இதுவே என் தாமதத்தின் காரணம்.

இன்று காலை அனைத்தையும் பிள்ளையிடம் சொன்னேன். தங்கள் மகன் வெளிநாட்டிலிருந்து சம்மதம் தந்துவிட்டார். நாளை முதல் அவள் இந்தக் காரை ஆட்களை ஏற்றி ஹயருக்கு ஓட்டப்போகிறாள். ஜேர்மன்காரர்மேல் ஒரு களங்கத்தை வைத்துக்கொண்டு கார்த் திறப்பை அவள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் சிரித்தாள். "பெரியம்மா, இந்தக் குமிழ இழுத்தா இழுத்தபடியே நிக்கும். திருப்பி உள்ள தள்ளாட்டி டீசல் போகாது. எவ்வளவு தள்ளினாலும் கார் எடுபடாது. அண்டைக்கு நீங்க குமிழ உள்ள தள்ளினீங்களா?"

இல்லை. அப்படித் தள்ளவேண்டும் என்பதே அன்று எனக்குத் தெரியாது. கார் பின்னோக்கி உருண்டபோது என் இரு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. எனக்கருகே இருந்தவர் தாங்கள் ஒருவரே.

அப்படியாயின், அண்ணன், நடுங்கும் கையை நீட்டி அந்தக் குமிழை உள்ளே தள்ளியது தாங்களா? அறிந்துகொண்டேதான் பழுதில்லாத வடிகட்டியை ஒரு வாரம் துடைத்தீர்களா? உயிரைப்போல் நேசித்த காரின் மானத்தைக் கொடுத்தா என் மானத்தைக் காத்தீர்கள்? இத்தனை காலம் பொய்யைச் சுமக்கிறேன் என்றிருந்தேன். சுமந்தது தங்கள் கண்ணியத்தை என்று இன்று அறிகிறேன். அதை இறக்கிவைக்கும் எண்ணம் எனக்கில்லை.

ஆயினும் தங்கள் வாயால் ஒரு சொல் கேட்க விரும்புகிறேன். பிள்ளை புறப்பட நிற்கிறாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தமாட்டோம்.

விரைந்து பதில் தருக.