உன் பெயரை மடித்தார்கள்

என் கோமதிக்கு,

நம் சோதனையைப் பள்ளிக் கண்காட்சியில் வைத்துவிட்டேன். காகிதம் எத்தனை மடிப்பு தாங்கும் என்ற அதே சோதனைதான். காகிதத் துண்டின் அடியில் கிளிப் மாட்டி, உங்கள் வீட்டுப் பழைய பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். பெரியம்மா அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. முன்னால் ஒரு மடிப்பு, பின்னால் ஒரு மடிப்பு. துண்டு அறுந்து பூட்டு விழும்வரை எண்ண வேண்டும்.

உத்திரமேரூர் பஜாரில் வாங்கிய ஒரே சார்ட் தாளில் உனக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? உன் துண்டு அசராமல் நின்றது. என்னுடையது சீக்கிரமே அறுந்தது. எனக்கு எண்ணத் தெரியவில்லை என்று சண்டை போட்டாய். பிறகு நீயே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அடிப்பாவி, நீ குறுக்கால வெட்டிகீறே, நான் நெடுக்கால வெட்டிகீறேன். பேப்பர்லயும் நார் ஓடுதுடி, வாழை மட்டையாட்டம்!"

அதனால் சோதனையை விளக்கி எழுதிய சார்ட்டையும் நெடுக்காகவே தொங்கவிட்டேன். அடியில் நம் இருவர் பெயரையும் எழுதினேன். மூத்தவள் நீ, உன் பெயர்தான் முதலில். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்பதற்காக வரிசையை ஏன் மாற்ற வேண்டும்?

அறிவியல் டீச்சருக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது? தவறிப்போன பொண்ணு பேரை உயிரோட கீற பொண்ணு பேர் பக்கத்துல எழுதுவாங்களா? உங்கம்மா பாத்தா பதறிடுவாங்க. உன் பேரை மட்டும் மேல எழுதிக்கோ."

சொல்லிவிட்டு, சார்ட்டின் அடி ஓரத்தைப் பின்பக்கமாக மடித்துவிட்டுப் போனார். நான் பிரித்தேன். திரும்பி வந்து மடித்தார். மறுபடியும் பிரித்தேன்.

"இன்னா பிடிவாதம்டி உனக்கு!"

"நாள் பூரா மடிச்சாலும் தாங்கும் டீச்சர். நானும் கோமதியும் சோதிச்ச பேப்பர் இது."

அவர் கை சார்ட்டின் மேலேயே நின்றது. பிறகு பக்கத்து மேசைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா வந்தாள். டீச்சர் சொன்னபடியே பதறத்தான் செய்தாள். "ஐயோ, கோமதி பேர் மேல கோடு வியுந்துடுச்சேடி!" என்று முந்தானையால் அந்த மடிப்பை நீவி நீவிப் பார்த்தாள்.

"கோடுதாம்மா. பேப்பர் கியியல," என்றேன்.

மழைக்காலம் வருகிறது. ஈரம் ஏறிய காகிதம் எத்தனை மடிப்பு தாங்கும் என்று அடுத்து பார்க்கப்போகிறேன். அந்தச் சார்ட்டிலும் உன் பெயர்தான் முதலில் இருக்கும். மடிக்கிறவர்கள் மடிக்கட்டும், நான் பிரித்துக்கொண்டே இருப்பேன்.

உன் பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கும்
உன் சித்தி மகள்,
தேன்மொழி